பாபின் தெருவின் விதிக்குட்பட்ட குழாய்

நாகரிகம் நதிக்கரையில் பிறந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். வீடுகளை வாடகைக்கு விடும் வீட்டுவசதிச் சங்கத்தில் கூட்டக் குறிப்பாளனாகச் சேர்ந்த பிறகுதான் உண்மை விளங்கியது. நாகரிகம் பிறந்தது சமையலறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப்பார்க்கும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயில். அதன் நுனியிலிருந்து விழும் ஒவ்வொரு சொட்டும் எங்கே விழுகிறது, யாருடைய அனுமதியோடு விழுகிறது என்பதை வைத்தே ஒரு சமூகத்தை எடை போட வேண்டும். அப்படிப் போட்டால், யார்க்‌ஷயர் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஸ்கார்வெல்லுக்கு இணையாக உலகத்தில் இன்னொரு ஊர் கிடையாது.

வீட்டுக்குச் சூடும் குளிக்க வெந்நீரும் தரும் இந்தக் காலத்து காஸ் பாய்லர் கஞ்சத்தனத்தில் எங்கள் ஊர்க்காரர்களைக் கொண்டது. தான் விடுகிற புகையில் இருக்கும் சூட்டைக்கூட வெளியே அனுப்ப மனசில்லாமல் திரும்பப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது புகையில் இருக்கும் ஆவி குளிர்ந்து நீராகிச் சொட்டும். அதுதான் வடிநீர். பார்வைக்குத் தண்ணீர், குணத்தில் வினிகர். கண்ட இடத்தில் விட்டால் சிமென்டை அரிக்கும், செடியைக் கருக்கும். ஆகவே அதை ஒரு குழாய் வழியாகப் பத்திரமாகச் சாக்கடையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கடுங்குளிரில் அந்தக் குழாய்க்குள் நீர் உறைந்து அடைத்துக்கொண்டால், பாய்லர் களகளவென்று இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கிவிடும். அப்புறம் வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

இதற்கு எங்கள் ஊரில் ஒரு கைவைத்தியம் இருந்தது. கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி, கொஞ்சம் ஆறவிட்டு, குழாயின் மேல் மெல்ல ஊற்றுவார்கள். மிச்சத் தண்ணீரில் டீ போடுவார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் பாய்லர் ஓட ஆரம்பித்துவிடும். இவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்தில் எவ்வளவு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் தலைமை நிர்வாகி நைஜல் ஹார்டகர் அவர்களுக்குத் தோன்றியது. தலைமை நிர்வாகிகள் சும்மா ஆவதில்லை.

ஊற்றுகிற வெந்நீர் கையில் பட்டால் சுடும். தரையில் விழுந்தால் உறையும். உறைந்ததில் கால் வைத்தால் வழுக்கும். வழுக்கி விழுந்தவர் வழக்குப் போடுவார். இந்த நான்கு படிகளையும் நைஜல் ஒரு திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். அன்றே ‘வடிநீர்ப் பாதுகாப்பு மற்றும் விதியிணக்க உயர்மட்டக் குழு’ உதயமாயிற்று. அதன் முதல் சாதனை, வெந்நீர் ஊற்றுவதைத் தடை செய்தது. இரண்டாவது சாதனை, ஸ்டிக்கர். சங்கத்து வீடுகளின் ஒவ்வொரு குழாயிலும் நீலநிறத்தில் பளபளவென்று ஒட்டப்பட்டது. “இக்குழாய் விதிக்கு உட்பட்டது. வெந்நீர் ஊற்றாதீர்கள்.”

ஒரு புது உறுப்பினர், அனுபவம் போதாதவர், குழாய்க்கு நுரைப்பஞ்சில் ஒரு கவசம் மாட்டிவிட்டால் குளிரே உள்ளே போகாதே, வெந்நீருக்கே அவசியம் இருக்காதே என்று கேட்டார். நைஜல் அவரைக் கோபிக்கவில்லை. பரிவோடு பார்த்தார்.

“பஞ்சைச் சுத்தினா ஸ்டிக்கர் மறைஞ்சிடுமேப்பா. ஸ்டிக்கர் தெரியலன்னா குழாய் விதிப்படி இருக்குன்னு சோதிக்க வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?”

பஞ்சு கைவிடப்பட்டது. கேட்டவர் அடுத்த கூட்டத்திலிருந்து பூங்காப் பராமரிப்புக்கு மாற்றப்பட்டார்.

பாபின் தெருவில் ஷெல்லி ஆக்ராய்ட் என்று ஒரு குடித்தனக்காரி. டவுன் பஸ் ஓட்டுகிறவள். அவளுடைய கணவன் டீன், பனிக்காலத்தில் உறைபனி உருகச் சாலைகளில் உப்புத் தூவும் நகராட்சி லாரியை ஓட்டுகிறவன். ஷெல்லிக்கும் எங்கள் குழுவுக்கும் முன்விரோதம் உண்டு. போன குளிர்காலத்தில் அவள் தன் வீட்டுக் குழாய்க்குக் கம்பளி நூலில் காலுறை மாதிரி ஒன்று பின்னி மாட்டியிருந்தாள், சிவப்பும் மஞ்சளுமாக. ஸ்டிக்கரை மறைத்த குற்றத்துக்காக முதல் எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. அதற்கு அவள் ஒரு பதில் எழுதினாள். அந்தப் பதிலின் மொழிநடைக்காக இரண்டாவது கடிதம் போயிற்று. எங்கள் சங்கத்தில் மூன்றாவது கடிதம் என்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

இந்தக் குளிர்காலத்தில் ஷெல்லி நிறைமாதம். வீட்டிலேயே, முன்னறையில் காற்றடைத்த தொட்டி வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இருந்தபடி பிள்ளை பெறுவது என்று மருத்துவச்சியோடு பேசி முடிவாகியிருந்தது. தொட்டியும் வாடகைக்கு வந்து இறங்கிவிட்டது. எல்லாம் தயாரான வாரத்தில் பனி கொட்டியது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையை மூடினார்கள். டீன் லாரியும் உப்புமாக அந்தச் சாலையிலேயே குடியிருந்தான். ஷெல்லியின் பாய்லர் களகளவென்று இரண்டு தடவை செருமிவிட்டு நின்றது.

அவள் எங்களுக்கு ஃபோன் செய்தாள். அவளுடைய அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு குரல் அவளிடம் சொன்னது. அதையே ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்புறம் பாய்லர் பிரிவிலிருந்து ஆள் வந்தார். இங்கே எங்கள் நிர்வாகத்தின் நுட்பத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு உள்ளே இருக்கிற குழாய் பாய்லர் பிரிவைச் சேர்ந்தது. அதே குழாய் சுவரைத் தாண்டியதும் வடிகால் பிரிவைச் சேர்ந்தது. சுவருக்குள் இருக்கும் பகுதி யாருடையது என்பது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. வந்தவர் பாய்லரைத் திறந்தார், மூடினார், திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டார்.

“உங்க பாய்லர்ல ஒரு குறையும் இல்ல.”

“ஓடலையேப்பா.”

“ஓடலதான். ஆனா நல்ல கண்டிஷன்ல ஓடாம இருக்கு.”

அடுத்த நாள் வடிகால் பிரிவுக்காரர் வந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயை விரலால் சுண்டினார். கல்லைச் சுண்டியது போலச் சத்தம் வந்தது. அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“வடிகால் பிரிவு தண்ணிக்குத்தான் கண்ணு. இது கட்டியா இருக்கே. கட்டியா இருந்தா அது குப்பைப் பிரிவு.”

குப்பைப் பிரிவு அன்றே பதில் சொன்னது. அந்த வேகம் பாராட்டத்தக்கது. ஐஸ் மறுசுழற்சிக்கு ஏற்ற பொருள் என்பதால் அதைப் பச்சைத் தொட்டியில் போட்டு, வண்டி வருகிற கிழமையில் வாசலில் வைக்கச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் உயர்மட்டக் குழுவின் அவசரக் கூட்டம் கூடியது. கூட்ட அறை அவ்வளவு கதகதப்பு, ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைக்க வேண்டியிருந்தது. கிரீம் பிஸ்கட் வந்தது. எதிர்ப்பேச்சே அறியாத கணக்குப் பிரிவு அம்மையார், நெருக்கடி கருதி ஒரு தடவை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரை அனுமதிக்கலாமா என்று கேட்டுவிட்டார். நைஜல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றினால் கொள்கை ஒன்று வரப்போகிறது என்று அர்த்தம்.

“வெதுவெதுப்புன்னா எவ்வளவு வெதுவெதுப்பு? உங்க வெதுவெதுப்பு வேற, என் வெதுவெதுப்பு வேற. நான் குளிக்கிற தண்ணியில என் மனைவி கையை வைக்க மாட்டா.”

அறையில் பலருக்கும் அவரவர் குளியலறை ஞாபகம் வந்து விவாதம் சூடுபிடித்தது. வெதுவெதுப்பை வரையறுக்க ஒரு துணைக்குழு அமைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. துணைக்குழு வசந்தகாலத்தில் அறிக்கை தரும். வசந்தகாலத்தில் குழாய் தானாகவே உருகிவிடுமே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்படியானால் அறிக்கையின் பரிந்துரைகளை முழுமையாக நிறைவேற்றிவிட்டதாகவே ஆகும் என்றார் நைஜல். கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலின் நடுவில்தான் வரவேற்பறைப் பெண் கதவைத் தட்டி, ஷெல்லி ஆக்ராய்டுக்கு வலி எடுத்துவிட்டதாம் என்றாள்.

கைதட்டல் நின்றது. ஒருவர் பிஸ்கட்டைக்கூடக் கீழே வைத்தார்.

“அந்தம்மாவுக்கு என் முழு அனுதாபம் உண்டு,” என்றார் நைஜல். “அனுதாபத்துக்கு விதியில எந்தத் தடையும் இல்ல. ஆனா பதட்டத்துல யாராவது கெட்டிலைத் தூக்கிடக் கூடாது.”

யாரும் தூக்கிவிடாமல் பார்த்துக் குறிப்பெடுத்துவர என்னை அனுப்பினார்கள்.

பாபின் தெரு சரிவில் நான் பாதி நடந்தும் பாதி சறுக்கியும் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்தே இருந்தது. முன்னறையில் ஷெல்லி, குளிர்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, காற்றடைத்த தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். தொட்டி காலி. எதிர்வீட்டு டோரீன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிற அம்மாள், அவள் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். மருத்துவச்சி பிரோனா பனியில் நடந்தே வந்திருந்தார். ஐரிஷ்காரர். பூட்ஸில் ஒட்டிய பனி இன்னும் உருகவில்லை, வீடு அந்த லட்சணத்தில் இருந்தது.

ஷெல்லி தலையைத் தூக்கி, நான் யார் என்று கேட்டாள். சங்கத்திலிருந்து வருகிறேன் என்றேன்.

“அப்பாடா. குழாயைச் சரிபண்ண வந்தீங்களா?”

“இல்லீங்க. பாத்துக்க வந்திருக்கேன்.”

“என்னையா?”

“குழாயை.”

அவள் ஒரு நீளமான வார்த்தை சொன்னாள். அவளுடைய இரண்டாவது எச்சரிக்கைக் கடிதத்துக்குக் காரணமான வார்த்தை அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

பிரோனா என்னை ஓரமாக அழைத்துப் பேசினார். “இந்த ரூம்ல நான் விடற மூச்சு எனக்கே கண்ணுக்குத் தெரியுது. இதுல அந்தக் குழந்தையை வெளிய வான்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கூப்பிடறது? ரூம் சூடாகணும், தொட்டியில சுடுதண்ணி நிரம்பணும். இல்லேன்னா இவளை ஆம்புலன்ஸ்ல ஏத்தி மலையைத் தாண்டித்தான் அனுப்பணும்.”

மலைச்சாலையில் அதற்கு முந்தின நாள் ஓர் ஆம்புலன்ஸ் பனியில் புதைந்து, அதை இழுக்கப் போன வண்டியும் புதைந்து, இரண்டையும் டீனின் லாரிதான் இழுத்துப்போட்டிருந்தது. இது ஷெல்லிக்கும் தெரியும். பஸ் ஓட்டுகிறவள், அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவும் அவளுக்கு அத்துப்படி. அந்தச் சாலையில் பாதிவழியில் பிள்ளை பெற எனக்குப் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னாள். அப்புறம் நேரே சமையலறைக்குப் போய்க் கெட்டிலைக் கையில் எடுத்தாள்.

என் கடமையைச் செய்ய வேண்டியதாயிற்று. இருமிக்கொண்டேன்.

“ஷெல்லி, ஏற்கனவே உங்களுக்கு ரெண்டு கடிதம் வந்திருக்கு.”

அவள் கெட்டிலோடு நின்றாள். ஜன்னலுக்கு வெளியே, கைநீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், குழாய் நீல ஸ்டிக்கரோடு நின்றது. அவள் குழாயைப் பார்த்தாள், என் நோட்டுப்புத்தகத்தைப் பார்த்தாள், தன் வயிற்றைப் பார்த்தாள்.

“இது பொறந்ததுக்கு அப்புறம் இதுக்கு ஒரு வீடு வேணுமே,” என்று சொல்லிக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த இடத்தில் எனக்கு என் வேலையைப் பிடிக்காமல் போயிற்று. இது கூட்டக் குறிப்பில் இல்லை.

டோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கதவு கதவாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு வீட்டிலிருந்து மின்சாரக் கணப்பு ஒன்று வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து இன்னொன்று. அப்புறம் வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. கூட்டம் என்பது தவறு. எங்கள் ஊரில் கூட்டம் சேராது, வரிசைதான் சேரும். ஷெல்லியின் வாசற்படியில் தொடங்கி, வீட்டின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி வளைந்து, தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும் பாபின் தெருவே ஆவி பறக்கும் கெட்டிலும் கையுமாக நின்றது. கெட்டில் இல்லாதவர்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரத்தில் கொண்டுவந்தார்கள். ஒருவர் தோட்டத்துப் பூவாளியில் கொண்டுவந்தார். அவரவர் முறை வந்ததும் உள்ளே போய், ஷெல்லிக்கு வணக்கம் சொல்லி, வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசி, தொட்டியில் ஊற்றிவிட்டு, அடுத்த கெட்டில் காய்ச்ச வீட்டுக்கு ஓடினார்கள். திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நின்றார்கள். ஒருவரும் நடுவில் நுழையவில்லை. தொடங்கும்போது கொதித்த தண்ணீர் வாசலை எட்டும்போது பாதி ஆறிவிட்டதே என்று ஒருவர் கவலைப்பட, முன்னால் நின்றவர் ‘நீங்க முன்னால போங்க’ என்றார். ‘ஐயோ, நீங்கதான் முதல்ல’ என்றார் இவர். இருவர் தண்ணீரும் முழுசாக ஆறியது.

சோதனை என்னவென்றால், அந்த வரிசை சுவரை ஒட்டி வளைந்த இடத்தில்தான் அந்தக் குழாய் இருந்தது. தெருவில் இருந்த ஒவ்வொரு கெட்டிலும் அதைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்று ஸ்டிக்கரை வாசித்தார்கள். தலையை ஆட்டினார்கள். நகர்ந்தார்கள். ஒரு கெட்டில், ஒரே ஒரு கெட்டில், ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருந்தால் போதும். பாய்லர் ஓடியிருக்கும். தொட்டி தானாக நிரம்பியிருக்கும். மொத்தத் தெருவும் வீட்டுக்குப் போய் டீ குடித்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குத்தான் அது தோன்றியது. குழாய்க்கு எதிரே வந்தபோது தாழ்ந்த குரலில், யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், “இதையே இங்க ஊத்தினா என்ன?” என்றார்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னால் நின்ற அம்மாள், “ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, கண்ணு,” என்றார் மெதுவாக. கடிந்துகொள்ளவில்லை. கண் தெரியாத ஒருவருக்குச் சொல்வது போலச் சொன்னார்.

தபால்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. முன்னால் நின்றவரிடம் மன்னிப்புக் கேட்டார், பின்னால் நின்றவரிடம் கேட்டார், நகரும்போது பாத்திரம் குழாயில் லேசாக இடித்துவிட, குழாயிடமும் கேட்டார். இப்படிப்பட்ட குடிமக்களை வைத்துக்கொண்டு நிர்வாகம் செய்வது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று நைஜல் அடிக்கடி சொல்வார். அவர் சொல்வது சரி. வேறெந்த ஊரிலும் எங்கள் குழு ஒரு வாரம் தாக்குப்பிடித்திருக்காது.

தொட்டி நிரம்பியது. கணப்புகளின் புண்ணியத்தில் அறையில் மூச்சு கண்ணுக்குத் தெரிவது நின்றது. பிரோனா தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்து, சரி என்றார். எந்தத் துணைக்குழுவையும் கேட்காமல் வெதுவெதுப்பை முடிவு செய்த துணிச்சல் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஷெல்லி தண்ணீரில் இறங்கினாள். நான் சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். வரிசை வெளியே வெறும் கெட்டில்களோடு நின்றது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

வெளிச்சம் மங்குகிற சமயத்தில் குழந்தை அழுதது. நல்ல கணீர் என்ற குரல். பெண் குழந்தை என்று டோரீன் ஜன்னலைத் திறந்து சொன்னார். வரிசை அதைக் கேட்டுத் தபால்பெட்டி வரைக்கும் வாய்வழியாக அனுப்பியது. தபால்காரர் அழுதார். எனக்கும் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது, குளிர் அப்படி.

கொஞ்ச நேரம் கழித்துப் பிரோனா என்னிடம் வந்து, தொட்டித் தண்ணீரை எங்கே விடுவது என்று கேட்டார். அவரிடம் சின்ன மோட்டாரும் நீளமான ரப்பர் குழாயும் இருந்தன. இந்தக் கேள்விக்கு எனக்கு நன்றாகப் பதில் தெரியும். வீட்டில் பயன்படுத்திய நீர் அனைத்தும் பக்கவாட்டுச் சுவரடியில் இருக்கும் சாக்கடை வாயிலேயே விடப்பட வேண்டும். எங்கள் குழுவின் விதி. அந்தச் சாக்கடை வாயிலும் ஒரு ஸ்டிக்கர் உண்டு.

டோரீன் ரப்பர் குழாயைச் சமையலறை ஜன்னல் வழியாக வெளியே விட்டார். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் அதன் வாய் பாம்பாகத் துள்ளி, வரிசையில் நின்ற இரண்டு பேரை நனைத்தது. அவர்கள் அதனிடம் மன்னிப்புக் கேட்டார்கள். டோரீன் தன் கவுனின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, கைக்கு எட்டிய முதல் கம்பத்தோடு அதைச் சேர்த்துக் கட்டினார். கைக்கு எட்டியது கம்பம் இல்லை. அது விதிக்குட்பட்ட நம் குழாய்.

தொட்டித் தண்ணீர் முழுவதும் அந்தக் குழாயின் மேலேயே வழிந்து, விதிப்படி சாக்கடையில் போய்ச் சேர்ந்தது. அந்தச் சமயத்தில் என் பேனா மை உறைந்துபோய்விட்டதாகக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. சிறிது நேரத்தில் குழாய்க்குள் ஏதோ நெகிழ்ந்து களக் என்று இறங்கியது. சமையலறையில் பாய்லர் ஒரு பெருமூச்சு விட்டது. நீலச் சுடர் பற்றிக்கொண்டது.

வரிசையில் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. தபால்பெட்டிப் பக்கமிருந்து ஒருவர், “பரவாயில்லையே,” என்றார். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அப்போதுதான் டீன் மஞ்சள் லாரியை ஓட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தான். குதித்து உள்ளே ஓடினான். எந்த விசையை நிறுத்த மறந்தானோ, லாரி பாட்டுக்கு உப்பைத் தூவிக்கொண்டே நின்றது. வசந்தம் வரைக்கும் பாபின் தெருவில் யாரும் வழுக்கி விழவில்லை.

மறுநாள் உயர்மட்டக் குழு கூடியது. பொருள், ‘பாபின் தெருவில் அனுமதியின்றி ஒரு பாய்லர் இயங்கத் தொடங்கிய சம்பவம்’. நைஜலின் முகத்தில் துக்கம் அப்பியிருந்தது. தடைசெய்யப்பட்ட திரவம் குழாயின் மேல் பட்டிருக்கிறது. யாரோ பொறுப்பேற்க வேண்டும். குடித்தனம் ஷெல்லியின் பெயரில். மூன்றாவது கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. பேனாவைத் திறந்துவிட்டார்.

நான் குறிப்பாளன். பேச எனக்கு உரிமை கிடையாது. குழு எழுதிய விதியை வாசித்துக் காட்ட மட்டும் உரிமை உண்டு. அதனால் வாசித்தேன். ‘நீரைக் கடைசியாகப் பயன்படுத்தியவரே அந்நீரின் வடிகாலுக்குப் பொறுப்பாவார்.’ நைஜல் தன் கைப்பட எழுதிய விதி. போன வருஷம் அதற்காக ஒரு விருந்தே நடந்தது.

“அதேதான். கடைசியா பயன்படுத்தினது அந்தம்மா.”

“இல்லீங்க. அந்தம்மா வெளிய வந்தப்புறம் குழந்தையை அதே தண்ணியில ஒரு தடவை அலசியிருக்காங்க. மருத்துவச்சி சொன்னாங்க.”

பிரோனா அப்படிச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. சொல்லியிருக்கக் கூடியவர்தான்.

அறை யோசித்தது. கணக்குப் பிரிவு அம்மையார் மேஜையைப் பார்த்துக்கொண்டே, விதி என்றால் விதிதானே என்றார். சட்ட ஆலோசகரும் வேறு வழி இல்லை என்றார். நைஜல் கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். தன் விதியைத் தானே மீற அவரால் முடியவில்லை. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஷெல்லியின் கடிதத்தைக் கிழித்துப் போட்டார்கள். அதே குற்றச்சாட்டு, அதே எச்சரிக்கை, செல்வி ஹெட்டி ஆக்ராய்ட் என்ற அந்தக் குழந்தையின் பெயருக்குப் புதிதாகத் தட்டச்சாயிற்று. அவருக்கு இது முதல் கடிதம் என்பதால் வீட்டுக்கு ஆபத்தில்லை.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வீடு கதகதவென்றிருந்தது. ஷெல்லி ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் கடிதத்தைப் பிரித்து வாசித்தாள். இரண்டாம் தடவை வாசித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்து, தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று என்னைத் திட்டினாள்.

“இவ எந்த அதிகாரத்துல இதைச் செஞ்சான்னு பதினாலு நாளுக்குள்ள விளக்கம் சொல்லணுமாம்ல? தூங்கி எந்திரிச்சதும் கேட்டுச் சொல்றேன்.”

விளக்கம் இன்னும் வரவில்லை. நைஜல் ஆண்டறிக்கை தயாரிக்கச் சொல்லியிருக்கிறார். எங்களிடம் பாய்லர் பிரிவு இருக்கிறது, வடிகால் பிரிவு இருக்கிறது, உயர்மட்டக் குழு இருக்கிறது, அதற்கு ஒரு துணைக்குழுவும் இருக்கிறது. இத்தனை பேரும் சேர்ந்து இந்தக் குளிர்காலத்தில் உறைந்த குழாய் ஒன்றையாவது சரிசெய்திருக்கிறோமா என்று கோப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றே ஒன்று பதிவாகியிருக்கிறது. சரிசெய்தவர் ஹெட்டி ஆக்ராய்ட். அப்போது அவர் பிறந்து ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை, கண்ணைக்கூடத் திறந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டிக்கரை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.